பதினாறும் இருபத்து நான்கும்

பெண் குதிரையையும் ஆண் கழுதையையும் சேர்த்தால் கோவேறு கழுதை பிறக்கும். அது பாரம் சுமக்கும், மலைப்பாதையில் கால் இடறாமல் ஏறும், தாய் தகப்பன் இருவரையும் விடப் பல வகையில் உரமாக இருக்கும். ஆனால் அதற்குக் குட்டி பிறப்பதில்லை. சின்ன வயதில் இதைக் கேள்விப்பட்ட யாரும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லாத விலங்கு ஏன் மலடாகிறது? “இரண்டும் வேறு வேறு இனம், அதனால்தான்” என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அதில் பதில் இல்லை. கேள்வியே வேறு சொற்களில் திரும்பி வருகிறது.

செடிகளின் உலகில் இந்தப் புதிருக்கு இன்னொரு மடிப்பும் உண்டு. 1940களில் அமெரிக்காவில் இரண்டு தோட்டக்காரர்கள் ஒரு குட்டைப் பூச்செடியையும் ஒரு நெட்டைப் பூச்செடியையும் கலந்தார்கள். உருவத்திலும் மரபுக் கணக்கிலும் அவை குதிரைக்கும் கழுதைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம் விலகியவை. பிறந்த பிள்ளைகள் மலடாக இருந்திருக்க வேண்டும். அவை விதை கட்டின. அந்த விதை முளைத்தது, அதுவும் விதை கட்டியது. இன்று உலகத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான ரகங்களாக அந்தக் குடும்பம் பெருகியிருக்கிறது. கோவேறு கழுதைக்குக் கிடைக்காதது இந்தச் செடிக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

மூன்று மேலே, மூன்று கீழே

செடியின் பெயர் ஐரிஸ். வான் கோ 1889இல் செயிண்ட் ரெமி மனநலக் காப்பகத்தின் தோட்டத்தில் பார்த்து வரைந்த நீலப் பூக்கள் இவைதான். காஷ்மீருக்குப் போனவர்கள் பழைய கல்லறைகளின் மேல் கத்தி போன்ற இலைகளோடு வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். ஐரிஸில் சுமார் 300 இனங்கள் உண்டு. நமக்கு இங்கே வேண்டியது ‘தாடி ஐரிஸ்’ என்ற ஒரு பிரிவு மட்டும்.

தாடி ஐரிஸின் பூவில் மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ்கள் வெளிப்புறமாக வளைந்து தொங்கும். தொங்கும் இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய மயிர்க்கோடு ஒன்று ஓடும். அதுதான் தாடி. மண்ணுக்கு மேலே முதுகு தெரிய, இஞ்சியைப் போலக் கணுக் கணுவாகக் கிழங்கு படரும். அந்த முதுகில் வெயில் பட வேண்டும். புதைத்து நட்டு, தண்ணீரும் தேங்க விட்டால் கிழங்கு கூழாக அழுகி நாற்றமெடுக்கும். கோடையில் வறட்சியைத் தாங்கும், ஆனால் பூப்பதற்குக் குளிர்காலம் ஒன்றைக் கடந்தாக வேண்டும். நம் சமவெளியில் இந்தச் செடி தோட்டப் பூவாகாமல் போனதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கூட்டத்தின் ஒரு முனையில் நெட்டைத் தாடி ஐரிஸ். 70 செ.மீ.க்கு மேல் உயரம், கிளைத்த தண்டு, உள்ளங்கையை நிரப்பும் பூ. மறு முனையில் ஐரிஸ் பியூமிலா. ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா, உக்ரைன் என்று நீளும் புல்வெளிகளின் காட்டுச் செடி அது. தண்டு என்று சொல்ல ஏதுமில்லை. பூவின் அடியிலிருந்து இறங்கும் விரல் நீளக் குழல்தான் தண்டின் வேலையைச் செய்கிறது. மொத்த உயரமே ஒரு சாணுக்குள். நெட்டை ஐரிஸ் பூப்பதற்குச் சில வாரங்கள் முன்பே, குளிர் முழுக்க விலகாத வேளையில், இது பூத்து முடிந்துவிடும். அதன் தொங்கும் இதழில் பெரும்பாலும் ஒரு அடர் நிறப் பொட்டு இருக்கும். அந்தப் பொட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணை தேடும் இழைகள்

உயிரணுவின் உட்கருவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் குரோமோசோம் என்று படித்தவை. இங்கே மரபிழை என்று அழைப்போம். மனிதனுக்கு 46, குதிரைக்கு 64, கழுதைக்கு 62. எண்ணிக்கை பொதுவாக இரட்டைப்படையாக இருப்பதற்குக் காரணம், பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருவது. தாய் கொடுத்த ஒவ்வொரு இழைக்கும் தகப்பன் கொடுத்த ஒன்று இணையாக இருக்கிறது.

அடுத்த தலைமுறைக்கு முட்டையோ விந்தோ மகரந்தமோ உண்டாகும்போது இந்தத் தொகையைப் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போகும். பாதியாக்கும் முறை அழகானது. ஒவ்வொரு மரபிழையும் தன் இணையைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் ஒட்டி நிற்கும். எல்லா இணைகளும் வரிசையாக நின்ற பிறகு, இணையில் ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் என்று பிரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முழுத் தொகுதி சேரும். ஒன்றும் விடுபடாது, ஒன்றும் இரண்டு முறை வராது.

கோவேறு கழுதைக்குக் குதிரையிடமிருந்து 32, கழுதையிடமிருந்து 31, ஆக 63. உடம்பை வளர்க்க இது போதும். ஏனென்றால் சாதாரண வளர்ச்சியில் இழைகள் இணை தேடுவதில்லை, ஒவ்வொன்றும் தன்னை நகலெடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முட்டையோ விந்தோ உண்டாக வேண்டிய கட்டத்தில்தான் தடங்கல். குதிரை இழை தன் இணையைத் தேடுகிறது. எதிரே இருப்பது கழுதை இழை. ஓரளவு பொருந்துகிறது, முழுதாகப் பொருந்தவில்லை. சில இழைகள் தனித்து நின்று, எந்தப் பக்கம் போவது என்ற ஒழுங்கில்லாமல் சிதறுகின்றன. ஒரு பக்கத்தில் சில செய்திகள் இல்லை, மறு பக்கத்தில் சில இரண்டு முறை. அப்படிப்பட்ட முட்டையால் பெரும்பாலும் உயிர் வளர்க்க முடியாது.

முள்ளங்கியும் முட்டைக்கோசும்

63 ஒற்றைப்படை என்பதுதான் கோளாறு என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. லெனின்கிராடில் கியோர்கி கார்பெச்சென்கோ என்ற ஆய்வாளர் 1920களில் முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலந்தார். இரண்டுக்குமே 18 மரபிழைகள். ஆளுக்கு 9 கொடுக்க, பிள்ளைக்கும் அதே 18. எண்ணிக்கையில் குறையே இல்லை, இரட்டைப்படையும்கூட. இருந்தும் அது கிட்டத்தட்ட மலடு. முள்ளங்கியின் 9 முட்டைக்கோசின் 9 உடன் இணை சேர மறுத்துவிட்டது.

கிட்டத்தட்ட என்று சொன்னேன் அல்லவா? அரிதாகச் சில விதைகள் பிடித்தன. அவற்றை வளர்த்து எண்ணிப் பார்த்தால் 36 மரபிழைகள். பாதியாக்கும் வேலை தவறிப்போய், முழுத் தொகையும் அப்படியே மகரந்தத்துக்கும் சூலுக்கும் போயிருந்தது. இப்போது முள்ளங்கியின் 9க்கு முள்ளங்கியின் 9 இணை, முட்டைக்கோசின் 9க்கு முட்டைக்கோசின் 9 இணை. அந்தச் செடி தாராளமாக விதை கட்டியது. மரபியலில் ஒரு புதிய வாசலைத் திறந்த அந்த மனிதரை ஸ்டாலின் ஆட்சி 1941இல் சுட்டுக் கொன்றது.

எண்ணிக்கை எத்தனை என்பதைவிட, ஒவ்வொரு இழைக்கும் தன்னைப் போன்ற இன்னொன்று அந்த உட்கருவுக்குள் இருக்கிறதா என்பதே விதையைத் தீர்மானிக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஐரிஸ் தோட்டத்துக்குள் போவோம்.

கேம்பிரிட்ஜ் பேராசிரியரின் தோட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த நெட்டைத் தாடி ஐரிஸ்கள் பாலிடா, வேரிகேட்டா என்ற இரண்டு இனங்களின் கலப்புகள். இரண்டுக்கும் 24 மரபிழைகள், அதாவது 12 இழை கொண்ட தொகுதி இரண்டு. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு தொகுதி கொடுத்த இத்தகைய செடியை இருமடியம் என்பார்கள். பூ அழகு, ஆனால் சிறியது.

கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஃபாஸ்டருக்கு ஐரிஸ் மேல் தீராத ஈடுபாடு. மேற்கு ஆசியாவில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கிழங்குகள் வரவழைப்பார். துருக்கியின் அமாசியாவிலிருந்து வந்த ஒரு செடிக்கு ‘அமாஸ்’ என்றே பெயர் நிலைத்தது. இந்தக் கிழக்கத்திச் செடிகளின் பூக்கள் அதுவரை பார்த்திராத பருமன். ஃபாஸ்டர் அவற்றைப் பழைய தோட்ட ஐரிஸ்களோடு கலந்தார். பூக்கள் பெரிதாயின, விதை மட்டும் அரிதாயிற்று. ஒரு காய் பிடிப்பதே பெரும்பாடு. 1907இல் அவர் இறக்கும் வரை இதற்குக் காரணம் அவருக்குத் தெரியாது. அப்போது யாருக்குமே தெரியாது.

கிழக்கிலிருந்து வந்தவற்றுக்கு 48 மரபிழைகள் இருந்தன. 12 இழைத் தொகுதி நான்கு, அதாவது நான்மடியம். அது 24 கொடுக்கும், பழைய தோட்ட ஐரிஸ் 12 கொடுக்கும், பிள்ளைக்கு 36. மூன்று தொகுதிகள். இரண்டு தொகுதிகள் இணை சேர்ந்தால் மூன்றாவது அநாதை. நாம் தினமும் சாப்பிடும் பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாமே இதே நிலையில் இருப்பவை. 11 இழைத் தொகுதி மூன்று, மொத்தம் 33. பழத்தின் நடுவே தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாக முடியாமல் போன சூல்கள். வாழையில் நமக்கு இது வசதி. புதிய பூவைத் தேடும் ஐரிஸ்காரருக்கு இது சுவர்.

கார்பெச்சென்கோவின் செடியில் நடந்தது போலவே, எப்போதாவது ஒரு இருமடியச் செடி தன் 24ஐப் பாதியாக்காமல் முழுதாகக் கொடுத்துவிடும். அப்போது 24உம் 24உம் சேர்ந்து 48 ஆகும். அந்தச் சில விதைகள் வழியே நெட்டை ஐரிஸ் குடும்பம் மெல்ல மெல்ல நான்மடியத்துக்கு மாறியது. இங்கிலாந்தில் ஆர்தர் பிளிஸ் 1917இல் வெளியிட்ட ‘டொமினியன்’ அந்த மாற்றத்தின் பெரிய மைல்கல். வெல்வெட் போன்ற அடர் ஊதாத் தொங்கிதழ். இருபது முப்பது ஆண்டுகளில் பழைய 24கள் பின்னுக்குப் போய், நல்ல தோட்டங்களை 48கள் நிரப்பின. இந்த மாற்றத்தை யாரும் திட்டமிடவில்லை. பெரிய பூவை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் தெரியாமலே அடுத்த கதைக்கு மேடை போட்டுவிட்டார்கள்.

தபாலில் போன மகரந்தம்

பால் குக், இண்டியானா மாநிலத்தின் பிளஃப்டன் என்ற சிற்றூர்க்காரர். கெட்டெஸ் டக்ளஸ் தெற்கே டென்னசியில், நாஷ்வில் பக்கம். இடையே சுமார் 500 கி.மீ. இருவரும் ஐரிஸ் பித்து முற்றியவர்கள். குட்டை ஐரிஸின் நிறமும் துடிப்பும், நெட்டை ஐரிஸின் பூவழகும் ஒன்றில் சேர வேண்டும் என்பது எண்ணம்.

முதல் தடை, உண்மையான பியூமிலா அமெரிக்காவில் அபூர்வம். தோட்டக் கடைகளில் அந்தப் பெயரில் விற்றது வேறொரு குட்டை இனம். 1930களில் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த விதைகளால்தான் அசல் செடி கிடைத்தது. அரிய செடிகளை விதையாகவே வாங்கி வளர்க்க வேண்டும் என்று ஐரிஸ்காரர்கள் இன்றைக்கும் வற்புறுத்துவதில் நியாயம் இருக்கிறது. கிழங்காக வந்தால் ஒரே செடியின் நகல்தான் கிடைக்கும். விதையாக வந்தால் ஒவ்வொரு நாற்றும் வேறு, அந்த இனத்தின் பலதரப்பட்ட இயல்பும் தோட்டத்துக்குள் வரும். காட்டிலிருந்து தோண்டியெடுக்கும் பாவமும் இல்லை.

இரண்டாவது தடை பருவம். ஒரே தோட்டத்தில் பியூமிலா பூத்து உதிர்ந்த பிறகுதான் நெட்டை ஐரிஸ் மொட்டு விடும். ஆனால் தெற்கே வசந்தம் முந்தி வருகிறது. டென்னசியில் நெட்டைகள் பூக்கும் நாட்களை ஒட்டி இண்டியானாவில் பியூமிலா பூத்திருக்கும். குக் பியூமிலா மகரந்தத்தை டக்ளஸுக்கு அனுப்பினார், டக்ளஸ் நெட்டை மகரந்தத்தைக் குக்குக்கு அனுப்பினார். உலர்த்தி, ஈரமும் சூடும் படாமல் வைத்தால் ஐரிஸ் மகரந்தம் பல நாட்கள் உயிரோடிருக்கும். இரண்டு வசந்தங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைத் தபால்காரர் கடந்துவிட்டார்.

இடுக்கி, சீட்டு, பொறுமை

கலப்பு செய்யும் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம்.

பூவின் நடுவிலிருந்து இதழ் போலவே தோற்றமளிக்கும் மூன்று கைகள் வெளியே சாய்ந்திருக்கும். ஒவ்வொரு கையும் ஒரு தொங்கிதழின் மேல் கூரையாகக் கவிந்திருக்கும். கூரைக்கு அடியில் மகரந்தப்பை. கூரையின் நுனிக்கு அருகே, அடிப்பக்கத்தில், மெல்லிய உதடு போல ஒரு விளிம்பு. அதுதான் சூல்முடி, மகரந்தம் ஒட்ட வேண்டிய இடம். தேனீ தொங்கிதழில் இறங்கி உள்ளே நுழையும்போது அதன் முதுகு உதட்டின் மேல் உராய்ந்து, வேறு பூவிலிருந்து கொண்டு வந்த மகரந்தத்தை விட்டுச் செல்லும். பிறகுதான் இந்தப் பூவின் மகரந்தம் அதன் முதுகில் படும். தேனீ பின்வாங்கி வெளியேறும்போது உதடு மடங்கிக்கொள்வதால் சொந்த மகரந்தம் சூல்முடியின் சரியான பக்கத்தில் படாது. அயலாரிடம் பெண் எடுக்கும் ஏற்பாட்டைப் பூ தானே வைத்திருக்கிறது.

மனிதன் செய்ய வேண்டியது தேனீக்கு முன்னால் எழுந்திருப்பது. மொட்டு அவிழும் காலையில், தாயாக வைத்துக்கொள்ளப்போகும் பூவின் மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். தொங்கிதழ்களையும் கிள்ளிவிட்டால் தேனீக்கு இறங்குமிடம் இல்லை. தகப்பன் செடியின் மகரந்தப்பையை இடுக்கியில் பிடித்து, உதட்டின் மேல்பக்கத்தில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் உடனே ஒரு சீட்டில் தாயின் பெயரை முதலிலும் தகப்பனின் பெயரை அடுத்தும் எழுதிக் காம்பில் கட்டாவிட்டால் செய்ததெல்லாம் வீண். யாருக்குப் பிறந்தது என்று தெரியாத அழகான பூவிலிருந்து அடுத்த அடி எடுத்து வைக்க வழியில்லை.

பிடித்திருந்தால் பூ வாடிய பின் அடியிலுள்ள சூற்பை பருக்கத் தொடங்கும். சுமார் இரண்டு மாதங்களில் காய் பழுப்பேறி நுனி வெடிக்கும். விதையை இலையுதிர்காலத்தில் விதைத்து ஈரத்தோடு குளிரில் கிடக்க விட வேண்டும். அந்தக் குளிர் இல்லாமல் பெரும்பாலும் முளைக்காது. வசந்தத்தில் சில முளைக்கும், சில அதற்கடுத்த வசந்தம் வரை தூங்கும். முளைத்தது முதல் பூ விட இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஆகும். நூறு நாற்றில் வைத்துக்கொள்ளத் தகுந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை, மற்றவை குப்பைமேட்டுக்கு. என்னைக் கேட்டால் ஐரிஸ் வளர்ப்பில் கடினமான பகுதி இந்தக் கடைசிப் பகுதிதான். பூத்து நிற்கும் ஒன்றைப் பிடுங்கி எறிய மனம் வர வேண்டும்.

நாற்பதின் கணக்கு

குக், டக்ளஸ் இருவரின் நாற்றுகளும் பூத்தன. உயரம் 20 செ.மீ.யிலிருந்து 40 செ.மீ. வரை. பூக்கும் காலமும் பியூமிலாவுக்கும் நெட்டைக்கும் நடுவில். குக் 1951இல் வெளியிட்ட ‘கிரீன் ஸ்பாட்’ ரகத்தில் வெண்ணிற இதழின் மேல் பச்சைப் பொட்டு. பியூமிலாவின் பொட்டு அப்படியே பிள்ளைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஐரிஸ்காரர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது நிறம் அல்ல. இந்தப் பிள்ளைகள் விதை கட்டின.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பியூமிலாவுக்கு 32 மரபிழைகள், 8 இழைத் தொகுதி நான்கு. அது மகரந்தத்தில் கொடுப்பது பாதி, 16. அதாவது 8 இழைத் தொகுதி இரண்டு. நெட்டை ஐரிஸுக்கு 48, அது கொடுப்பது 24. அதாவது 12 இழைத் தொகுதி இரண்டு. பதினாறும் இருபத்து நான்கும் சேர்ந்து நாற்பது.

இந்த நாற்பதைப் பிரித்து வையுங்கள்: 8, 8, 12, 12. மகரந்தம் உண்டாகும் நேரம் வருகிறது, இழைகள் இணை தேடுகின்றன. பியூமிலாவின் ஒரு எட்டுக்கு இணை எங்கே? நெட்டையின் பன்னிரண்டில் தேட வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்திலேயே பியூமிலாவின் இன்னொரு எட்டு இருக்கிறது. பன்னிரண்டுக்கும் அப்படியே. தனித்து நிற்கும் இழை ஒன்றுகூட இல்லை. பிரியும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எட்டும் ஒரு பன்னிரண்டும், மொத்தம் 20 போகும். இப்படிப்பட்ட இரண்டு செடிகளைக் கலந்தால் 20உம் 20உம் மறுபடி 40. கோவேறு கழுதைக்கு இல்லாத இணை இங்கே பெற்றோரே இரட்டையாகக் கொடுத்தனுப்பியது.

இதில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது, அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரண உயிரில் தாய் கொடுத்த இழை தகப்பன் கொடுத்த இழையோடு இணை சேர்கிறது. அதனால்தான் பேரப் பிள்ளைகளின் தலைமுறையில் குணங்கள் கலைந்து பிரிகின்றன. ஒருவன் தாத்தாவைக் கொள்வான், ஒருத்தி பாட்டியைக் கொள்வாள். நாற்பதில் நடப்பது வேறு. தாய் கொடுத்த இரண்டு தொகுதிகள் தமக்குள்ளே இணை சேர்கின்றன, தகப்பன் கொடுத்த இரண்டும் தமக்குள்ளே. ஆகவே பிறக்கும் மகரந்தம் ஒவ்வொன்றிலும் ஒரு பியூமிலாத் தொகுதியும் ஒரு நெட்டைத் தொகுதியும் தவறாமல் இருக்கும். எத்தனை தலைமுறை தங்களுக்குள் கலந்தாலும் குட்டை இரத்தம் கரைந்து போகாது, நெட்டையாகத் திரும்பிப் போகிற பிள்ளையும் பிறக்காது. அசல் கணக்கில் ஆங்காங்கே சிறு பிசகு உண்டு, எட்டில் ஒன்று பன்னிரண்டில் ஒன்றைத் தொட்டுப் பார்ப்பது அவ்வப்போது நடக்கும். ஆனால் மொத்தத்தில் இது கலைந்து போகாத கலப்பு. கலப்பாகவே நிலைத்துவிட்ட ஓர் இனம்.

இதே கலப்பை அதற்கு ஐம்பது அறுபது ஆண்டு முன்னால் அன்றைய தோட்ட ஐரிஸ்களோடு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பியூமிலாவின் 16, பழைய ஐரிஸின் 12, ஆக 28. எட்டுக்கு எட்டு இணை கிடைத்துவிடும், பன்னிரண்டு தனியே நிற்கும். மலடு. குக்கும் டக்ளஸும் வென்றதற்கு அவர்களுடைய பொறுமை ஒரு காரணம் என்றால், ஃபாஸ்டருக்கு அமாசியாவிலிருந்து ஒரு கிழங்கு வந்தது இன்னொரு காரணம்.

எண்ணியவர்கள்

இந்த எண்களை யாரோ கண்ணால் பார்த்து எண்ணித்தான் ஆக வேண்டும். வேர் நுனியில் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். அந்த நுனியை வெட்டிச் சாயமேற்றி, கண்ணாடிச் சில்லுக்கு அடியில் நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் மரபிழைகள் குச்சி குச்சியாகத் தெரியும். பல உயிரணுக்களில் எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் ஓர் எண்ணை நம்பலாம். பிரான்சில் மார்க் சிமோனே 1930களில் ஐரிஸ் இனங்களை இப்படி ஒவ்வொன்றாக எண்ணினார்.

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த ஜானகி அம்மாள், 1930களில் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் கலப்புகளை மரபிழைக் கணக்கோடு ஆராய்ந்தவர். பிறகு இங்கிலாந்து போய், சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்ச் செடிகளின் மரபிழை எண்களைத் திரட்டிய பெருநூலை வெளியிட்டார். உலகெங்கும் செடி கலப்பவர்களின் மேசையில் இருந்த நூல் அது. எந்தக் கலப்பு விதை கட்டும், எது கட்டாது என்பதை இடுக்கியைத் தொடும் முன்பே ஊகிக்க முடிந்தது இப்படிப்பட்ட எண்ணிக்கையால்தான்.

பியூமிலாவின் 32ஐ இன்னும் நெருங்கிப் பார்த்தவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் எல்.எஃப். ராண்டால்ஃபும் ஜே. மித்ராவும். 1950களின் இறுதியில் இழைகளின் வடிவத்தை ஒப்பிட்டு, பியூமிலாவே ஒரு கலப்புச் செடி என்று காட்டினார்கள். அட்டிகா, சூடோபியூமிலா என்ற இரண்டு குட்டை இனங்களுக்கும் 16 மரபிழைகள். அவை போன்ற இரண்டு செடிகள் எப்போதோ கலந்து, தொகை இரட்டித்து 32 ஆகியிருக்கிறது. முள்ளங்கிக்கும் முட்டைக்கோசுக்கும் நடந்தது, மனிதன் இல்லாமலே, ஐரோப்பியப் புல்வெளியில் நடந்திருக்கிறது. குக் அனுப்பிய தபாலில் இருந்தது ஒரு பழைய கலப்பின் மகரந்தம்.

44, 36, பிறகு மறுபடி 48

நாற்பதுகளை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யலாம்? அவற்றை நெட்டையோடு திரும்பக் கலந்தால் 20உம் 24உம் சேர்ந்து 44. பிரித்தால் 8, 12, 12, 12. எட்டுக்கு இணை இல்லை, பன்னிரண்டு மூன்று. 41 செ.மீ.க்கும் 70 செ.மீ.க்கும் நடுவில் நிற்கும் இந்த ‘இடைநிலை’ ஐரிஸ்கள் பாத்தியில் மிக எடுப்பானவை, ஆனால் பெரும்பாலும் மலடு. கிழங்கைப் பிரித்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஒரு ரகம் எத்தனை நாடுகளில் வளர்ந்தாலும் அத்தனையும் ஒரே செடி. நாற்பதைப் பியூமிலாவோடு திரும்பக் கலந்தால் 36, பிரித்தால் 8, 8, 8, 12. ஒரு சாண் உயரக் குட்டைகள் பல இப்படி வந்தவை. இவற்றிலும் விதை குறைவு.

குக் இன்னொரு பாதையிலும் நடந்தார். பால்கன் பகுதியின் ரெய்க்கன்பாக்கியை என்ற குட்டை இனத்தில் 24 இழைச் செடிகளும் உண்டு, 48 இழைச் செடிகளும் உண்டு. அந்த 48 இழைச் செடியை ஒரு நீல நெட்டை ஐரிஸோடு கலந்தார். 24உம் 24உம் 48. இங்கே எட்டு என்ற பேச்சே இல்லை, எல்லாம் பன்னிரண்டு, எல்லாம் ஒன்றோடொன்று இணையக் கூடியவை. ஆகவே நாற்பதைப் போல நடுவழியில் உறைந்து நிற்காமல், இந்தப் பிள்ளை நெட்டைக் குடும்பத்துக்குள் தாராளமாகக் கலக்கும், குணங்களும் தாராளமாகப் பிரிந்து சேரும்.

பிறந்த செடியின் பூ சிறியது, பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லை. வேறு யாராக இருந்தாலும் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும். குக் கவனித்தது நிமிர்ந்த இதழ்களை. அவற்றில் நீலம் ஒடுங்கியிருந்தது, தொங்கும் இதழ்களில் மட்டும் நின்றிருந்தது. நீலத்தை மேலிதழ்களில் மட்டும் தடுக்கும் அந்தக் குணம் குட்டை இனத்திலிருந்து வந்தது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளையிடம் வெளிப்படும் குணம் அது. வெள்ளை மேலிதழ், நிறமுள்ள கீழிதழ் என்ற அமைப்பு நெட்டை ஐரிஸில் முன்பும் உண்டு, ஆனால் அதைக் கொண்ட செடிகளின் விதை முளைப்பதே அரிது. குக் இந்தச் சாதாரணப் பூவுக்கு ‘புரோஜெனிட்டர்’, அதாவது மூதாதை என்று பெயரிட்டு, நல்ல நெட்டைகளோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்தார். அந்த வழியில் வந்த ‘ஹோல் கிளாத்’, மேலே வெள்ளையும் கீழே இளநீலமுமாக, 1962இல் அமெரிக்க ஐரிஸ் உலகின் மிக உயர்ந்த டைக்ஸ் பதக்கத்தைப் பெற்றது. இன்று தோட்டங்களில் மேலிதழ் வெள்ளையும் கீழிதழ் நீலமுமாக நிற்கும் நெட்டை ஐரிஸின் பூர்வீகத்தைச் சீட்டு சீட்டாகப் பின்னோக்கிப் புரட்டினால், பெரும்பாலும் அந்தச் சிறிய பூவில்தான் போய் முடியும்.